விண்ணிலிருந்து கண்ட கரை: 1966ஆம் ஆண்டு நிழற்படமொன்றும் புத்தளக் கடலோர மக்களும்

1

மனிதன் விண்வெளிக்குச் செல்லத் தொடங்கிய முதற் பத்தாண்டில் எடுக்கப்பட்ட நிழற்படங்கள் இன்று பழம்பொருட்களாகிவிட்டன. அவற்றின் மூலப்பிரதிகள் ஏலத்தில் விலைபோகின்றன. மறுபிரதிகள் நூல்களின் அட்டைகளை அணிசெய்கின்றன. இவற்றை அழகுப் பொருட்களாகவோ அறிவியல் வெற்றியின் சின்னங்களாகவோ நோக்குவதே பெருவழக்காக உள்ளது. இலக்கியத்தை அணுகும்போது, கூறுபவர் யார், யாருக்காகக் கூறுகின்றார், எந்நிலையில் நின்று கூறுகின்றார் என நாம் வினவுகின்றோம். நிழற்படத்தை மட்டும் அவ்வினாக்களுக்குப் புறம்பானதெனக் கொள்வதற்கு நியாயமில்லை. காண்பதும் ஒரு சமூகச் செயலே.

இவ்வகையில், நமது கரையோரமும் இடம்பெறும் ஒரு நிழற்படத்தை இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றது. 1966 செப்டெம்பர் 14ஆம் நாள், ஜெமினி 11 என்னும் அமெரிக்க விண்கலத்தில் பயணஞ்செய்த சார்ள்ஸ் கொன்றாட், றிச்சார்ட் கோர்டன் ஆகிய இருவரும் எடுத்த படம் அது. இந்தியாவின் தென்பகுதியும் இலங்கைத் தீவும் ஒரே சட்டகத்துள் அமைய, இடப்புறம் அரபிக்கடலும் வலப்புறம் வங்காள விரிகுடாவும் பரந்து கிடக்கின்றன. புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் எனத் தொடரும் நமது மேற்குக் கரை அப்படத்தில் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே. அவ்விளிம்பில் வாழ்ந்தோர்க்கு அப்படம் எவ்வகையில் உரியது என்பதே நாம் எழுப்பும் வினா.

2

வினாவுக்குச் செல்லுமுன், இத்தகைய படங்கள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

விண்வெளியிலிருந்து புவியைக் காட்டிய முதற்படம் மனிதன் கையால் எடுக்கப்பட்டதன்று. 1946 ஒக்டோபர் 24ஆம் நாள், ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 ஏவுகணையொன்றை அமெரிக்கர் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்திலிருந்து ஏவியபோது, அதிற் பொருத்தப்பட்டிருந்த கருவி அதனைப் பதிவுசெய்தது. நகரங்களை அழிக்கவென ஆக்கப்பட்ட கருவியின் முனையிலிருந்தே புவியின் வளைவு முதன்முதலாகப் படமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1961 ஏப்ரலில் யூரி ககாரின் புவியைச் சுற்றிவந்தபோது அவர் கையில் கமெரா இருக்கவில்லை. கண்டதைச் சொற்களாலேயே அவர் உலகுக்கு உரைத்தார். அதே ஆண்டு டிசெம்பரில் அவர் இலங்கைக்கு வந்தமையை முற்போக்காளர் நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர். ககாரினை அடுத்து, 1961 ஓகஸ்டில் சென்ற கெர்மன் தித்தோவே புவிச்சுற்றுப் பாதையிலிருந்து தம் கையாற் புவியைப் படம்பிடித்த முதல் மனிதர். 1962 பெப்ரவரியில் அமெரிக்கர் ஜோன் கிளென், கடையில் வாங்கிய சாதாரணக் கமெராவொன்றை எடுத்துச் சென்றார். தொடக்கத்தில், படமெடுத்தல் பயணத்தின் உபதொழிலாகவே கருதப்பட்டது எனலாம்.

ஜெமினிப் பயணங்களில் (1965-66) இந்நிலை மாறியது. போல் லோமன் என்னும் புவியியலாளரின் பொறுப்பில் நிலத்தோற்றங்களைப் படமெடுத்தல் ஒரு முறைசார்ந்த ஆய்வாகத் திட்டமிடப்பட்டது. முகில்களையும் வானிலையையும் படமெடுக்கும் ஆய்வும் உடன் நடந்தது. 70 மில்லிமீற்றர் வண்ணப் படச்சுருளில் நூற்றுக்கணக்கான படங்கள் பதிவாகின. ஜெமினி 11 இவற்றுள் ஒரு தனி நிலையை வகிக்கின்றது. முன்னரே ஏவப்பட்டிருந்த அஜினா என்னும் கலத்தோடு அது இணைந்து, அதன் எஞ்சினை இயக்கித் தன் பாதையின் உச்சியை 1,368 கிலோமீற்றருக்கு உயர்த்திக்கொண்டது. நிலவை நோக்கிச் சென்ற பயணங்களைத் தவிர்த்தால், மனிதர் அவ்வுயரத்தைத் தாண்ட 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமது படம் அவ்வுச்சியில் அன்றி, 700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓர் உயரத்தில் எடுக்கப்பட்டது. ஒரு தீவும் ஒரு தீபகற்பமும் ஒரே பார்வைக்குள் அடங்குவதற்கு அவ்வுயரம் போதுமானதாயிற்று.

3

இப்படத்தை ஊன்றி நோக்குவோர் ஒரு செய்தியைக் காணத் தவறார். நிலத்தின்மேல் திரள்முகில்கள் சிறு சிறு வெண்பொட்டுகளாகப் பரந்துள்ளன. கரையை அடுத்த கடலோ ஒரு பட்டைபோல முகிலின்றித் தெளிந்து கிடக்கின்றது. பகல் வெயிலால் நிலம் கடலைவிட விரைந்து சூடாகின்றது. நிலத்தின்மேற் காற்று எழுந்து முகிலாகத் திரள்கின்றது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று நிலத்தை நோக்கி வீசுகின்றது. மேலெழுந்த காற்று அயற்கடலின்மேல் மீண்டும் தாழ்ந்து இறங்குவதால் அங்கே முகில் தோன்றுவதில்லை. கடற்காற்றின் சுழற்சி என நூல்கள் விவரிக்கும் இந்நிகழ்வை ஒரே நோக்கிற் காட்டியமையே இப்படத்தின் அறிவியற் பெறுமதிகளுள் ஒன்று.

அத்தெளிந்த பட்டை வெறுங்கடலன்று. கரையோர மீனவனின் தொழிற்களம் அதுவே. விடியுமுன் நிலத்திலிருந்து வீசும் காற்றிற் பாய்விரித்துச் சென்று, பிற்பகற் கடற்காற்றிற் கரைதிரும்பிய தலைமுறைகள் இச்சுழற்சியை விண்கலம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தன. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்கு நம் கரையோரத்தார் இட்ட பெயர்கள் வெறும் திசைப்பெயர்கள் அல்ல. எக்காற்றில் எம்மீன் வரும், எக்காற்றில் வள்ளம் இறக்கலாகாது என்னும் அறிவு அப்பெயர்களுள் அடங்கியுள்ளது. உழைப்பின் வழியாகத் துண்டு துண்டாகத் திரட்டப்பட்ட இவ்வறிவை விண்கலம் ஒரு கணத்திற் பருந்துப் பார்வையாகத் தந்தது. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. ஆயின் ஒன்று அறிவியல் எனப் பெயர்பெற, மற்றது பாமரர் வழக்கெனப் புறந்தள்ளப்பட்டது. இவ்வேறுபாட்டைத் தோற்றுவித்தது அறிவின் தன்மையன்று, அறிவை உடையோரின் சமூக நிலையே.

படம் எடுக்கப்பட்ட நாளும் நோக்கற்பாலது. செப்டெம்பர் நடுப்பகுதி என்பது தென்மேற்குப் பருவக்காற்றின் இறுதிக்காலம். அக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும்; கரைவலைத் தொழில் ஒக்டோபர் அளவிலேயே இக்கரையில் மீண்டும் தொடங்கும். உடப்பு முதலிய ஊர்களின் மீனவர் பலர் அம்மாதங்களில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கங்களுக்குப் பெயர்ந்து தொழில் செய்வது வழக்கமாயிருந்தது. அவ்வாறாயின், கமெராவின் மூடி திறந்த கணத்தில் இக்கரைக்குரியோர் பலர் அதே படத்தின் மறுகரையில் வலையிழுத்துக்கொண்டிருந்திருப்பர். ஒரே சட்டகத்துள் இரு கரைகளும் உள்ளன. அவ்விரண்டையும் ஆண்டுதோறும் இணைத்த மனிதப் பெயர்ச்சியோ படத்தில் இல்லை. 1983க்குப் பின் மூண்ட போர் இப்பெயர்ச்சியைப் பெரிதும் குலைத்தபோதும் விண்ணிலிருந்து நோக்கியவர்க்கு எம்மாற்றமும் தோன்றியிராது.

கரைவலையிலேயே ஒரு சமூக அமைப்பு முழுவதும் அடங்கியுள்ளது. வலையை வளைத்திட்டு வரும் வள்ளத்தார், இருபுறமும் கயிறு பற்றி அம்பாப் பாடி இழுக்கும் அணிகள், நீரின் நிறங்கண்டு மீன்கூட்டம் அறியும் அனுபவசாலி, மீனைப் பதப்படுத்திக் கருவாடாக்கும் பெண்கள், வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய சம்மாட்டி என உழைப்பும் உடைமையும் அங்கே தெளிவாகப் பிரிந்துள்ளன. உடைமையாளரின் பங்கு போக எஞ்சியதே இழுத்தவர்க்குரியது. எத்துணை நுண்ணிய வில்லையாயினும் அப்பங்கீட்டைப் படம்பிடிக்க வல்லதன்று.

4

மேலிருந்தும் வெளியிலிருந்தும் நோக்கும் இப்பார்வை விண்கலத்தோடு பிறந்ததன்று. அதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற் தொலமி தந்த விவரங்களின்படி வரையப்பட்ட இலங்கை, உண்மை அளவினும் பன்மடங்கு பெரிதாய் உள்ளது. வணிகர் நாவில் அதன் செல்வம் பெருகியவாறே அதன் பரப்பும் பெருகியது போலும். ஒல்லாந்தர் 1667இற் கற்பிட்டியிற் கோட்டையை அமைத்தபோது களப்பின் வாயிலையும் அதன் வழி நடந்த வணிகத்தையும் கண்காணிப்பதே அவர்தம் நோக்கம். ஆங்கிலேயர் 1800இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால், உரிமை நிறுவப்படாத காடுகளும் பயிரிடப்படாத தரைகளும் முடிக்குரியனவெனக் கொள்ளப்பட்டன. அளத்தலும் உடைமையாக்கலும் கைகோத்து நடந்தன. கால்நடை மேய்ந்த தரையும் விறகு பொறுக்கிய காடும் உறுதிப்பத்திரம் இன்மையால் 'வெறுநிலம்' எனும் பெயரைப் பெற்றன. வெறுமை என்பது இங்கே இயற்கையின் நிலையன்று, சட்டத்தின் ஆக்கமாகும்.

இவ்விடத்திற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியை (1807-1860) நினைவுகூர்தல் பொருத்தமானது. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மாவட்டங்களையும் அகரவரிசைப்படுத்தி அவர் 1834இல் வெளியிட்ட விவரத்திரட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆட்சியாளர்க்குப் பயன்படும் அறிவை அக்கரையின் மைந்தர் ஒருவரே தொகுத்தளித்தார் எனலாம். எனினும் அவரை ஆட்சியின் கருவியாக மட்டும் காண்பது பொருந்தாது. அதே அறிஞர் 1859இல், இருநூறு அளவிலான தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாகத் தொகுத்தார். மேலிருந்து தரையை வகைப்படுத்தும் முறையைக் கற்ற ஒருவர், அம்முறையையே தம் மக்களின் பண்பாட்டு நினைவைக் காக்கவும் பயன்படுத்தினார். கருவி ஆள்வோர்க்குரியதாயினும் அதன் பயன் அவர்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது நம் கரையிலேயே உள்ள சான்று. விண்வெளி நிழற்படத்தைப் பொறுத்தும் இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

5

1968 டிசெம்பரில் அப்பொலோ 8 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட புவியுதயப் படமும், 1972 டிசெம்பர் 7இல் அப்பொலோ 17 எடுத்த முழுப்புவிப் படமும் வெளியானபின், 'எல்லைகளற்ற ஒரே மானிடம்' என்னும் கருத்து உலகெங்கும் பரப்பப்பட்டது. இக்கருத்தின் மனிதாபிமானக் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எல்லைகள் தெரியாத தூரத்தில் நின்று, எல்லைகள் இல்லை எனக் கூறுவது எளிது. அம்முழுப்புவிப் படத்தின் வலப்புற மேல்விளிம்பருகே ஒரு வெண்சுழி காணப்படும். அது அதற்கு இரு நாட்களின் முன் கடலூர்ப் பக்கம் கரைகடந்து உயிர்களையும் குடிசைகளையும் அழித்த சூறாவளியின் எச்சமே. உலகில் மிகுதியாக அச்சிடப்பட்ட படங்களுள் ஒன்றில் நமது கடலின் அழிவு அழகிய சுழியாக இடம்பெற்றுள்ளது. கோடிக்கணக்கானோர் அப்படத்தைக் கண்டிருப்பர். அச்சுழியின் கீழ் வாழ்ந்தோரை எண்ணியவர் எத்தனைபேர்?

ஜெமினிப் படத்திலும் இதற்கு நிகரான மௌனங்கள் உள்ளன. இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடல் அதில் அமைதியாகத் தோன்றுகின்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தின் முன், 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி என்னும் ஊர் அங்கே கடலுள் அழிந்தது. அதே சட்டகத்திற் கேரளக் கரையில் தும்பா உள்ளது. மீனவர் வாழ்ந்த அவ்வூரில் அவர்கள் தம் குடியிருப்புகளையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்த நிலத்திலிருந்தே, 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதல் ஆய்வு ஏவுகணை எழுந்தது. விண்ணை நோக்கிய பயணத்துக்கும் கரையோர மக்களே முதலில் இடம்விட வேண்டியிருந்தது.

6

இனி, இப்பார்வை யாருடைய உடைமையாயிற்று என்பதை நோக்குவோம். ஜெமினி 11 கடலில் இறங்கியது செப்டெம்பர் 15ஆம் நாள். ஆறு நாட்களின் பின், செப்டெம்பர் 21இல், ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுத் துறைச் செயலாளர் ஸ்ருவேட் உடால், செய்மதிகளால் புவியின் வளங்களைக் கண்டறியும் திட்டமொன்றை அறிவித்தார். கனிமங்களுக்கும் பொதுநிலங்களுக்கும் பொறுப்பான துறை அது. ஜெமினிப் படங்கள் எழுப்பிய ஆர்வம் இத்திட்டத்துக்குத் தூண்டுகோலாயிற்று. 1972 ஜூலை 23இல் ஏவப்பட்ட, பின்னர் லான்ட்சாற் எனப் பெயர்பெற்ற வரிசையின் முதற் செய்மதி இதன் விளைவாகும். 'நிலத்தோற்றம்' என்னும் சொல்லின் இடத்தை 'வளம்' என்னும் சொல் பிடித்துக்கொண்டமை தற்செயலன்று.

சோசலிச முகாம் இவ்விடயத்தில் முற்றிலும் வேறுபட்டிருந்தது எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அமெரிக்கரின் கொரோனா உளவுச் செய்மதிகள் 1960 முதல் படமெடுத்தது போலவே, ககாரின் பயணஞ்செய்த வொஸ்ரொக் கலத்தின் வடிவிலேயே அமைந்த செனித் உளவுச் செய்மதிகள் 1962 முதல் இயங்கின. அதேவேளை, சோவியத் நாடு பிற நாட்டவரையும் தன் கலங்களில் ஏற்றிச் சென்றது. 1984 ஏப்ரலில் சல்யூட் 7 நிலையத்திலிருந்து ராகேஷ் சர்மா இந்தியாவின் நிலப்பரப்பைப் பல நிற அலைவரிசைகளிற் படமெடுத்தபோது, படமெடுக்கப்படும் நாட்டவர் ஒருவரே படமெடுப்பவராகவும் இருந்தார். கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் ஆக்கப்பட்ட கமெரா அதற்குப் பயன்பட்டது. அரசியல் நோக்கம் அதிலும் இருந்தது என்பது உண்மையே; எனினும் பார்வையின் திசை அங்கே ஓரளவு மாறியது.

மூன்றாம் உலக நாடுகள் பல, தம் நிலத்தைப் படமெடுக்குமுன் தம் ஒப்புதல் பெறப்படவேண்டும் என 1970கள் முழுதும் ஐக்கிய நாடுகள் அவையில் வாதிட்டன. 1986 டிசெம்பர் 3இல் ஏற்கப்பட்ட கோட்பாடுகள் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. படமெடுக்கப்பட்ட நாடு, நியாயமான விலையில், பாகுபாடின்றி அத்தரவுகளைப் பெறலாம் என்பதே இறுதியாகக் கிடைத்தது. தன் முகத்தைக் காணவும் விலைகொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

7

இவ்விலை வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. புத்தளக் கடலோரத்தின் அண்மைக்கால வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

1980களிற் சிலாபம், முந்தல், புத்தளம் பகுதிகளில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்புப் பெருகத் தொடங்கியது. களப்பின் ஓரக் கண்டல் காடுகளும் உவர்நிலங்களும் வெட்டித் திருத்தப்பட்டுக் குளங்களாயின. அவற்றுட் பெரும்பகுதி அரச நிலம். குத்தகையாலும் அத்துமீறலாலும் கைமாறியது. 1840இன் 'வெறுநிலம்' என்னும் கருத்து இங்கே புத்துயிர் பெற்றது எனலாம். காகிதத்தில் வெறுமையாயிருந்த அக்கண்டல், மீன்குஞ்சுகள் வளரும் தொட்டிலாகவும், களப்பு மீனவரின் சேமிப்பாகவும், ஏழைப் பெண்களின் விறகுக் காடாகவும் இருந்தது. குளங்கள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் நீரைப் பெற்று, கழிவுநீரையும் அவற்றிலேயே விட்டன. ஒருவர் கழித்த நீர் மற்றவர் பெறும் நீராயிற்று. 1990களின் நடுப்பகுதியில் வெண்புள்ளி நோய் பரவியபோது இப்பொது நீரே அதன் பாதையாயிற்று. குளங்கள் பல கைவிடப்பட்டன. முதல் போட்டோரிற் பெரியோர் விலகிச் செல்ல, உவர்ந்த தரை ஊரவர்க்கு எஞ்சியது.

இம்மாற்றங்கள் நிகழ்ந்த ஆண்டுகளில் அவற்றைக் காணவல்ல செய்மதிகள் விண்ணில் இருந்தன. ஆயின் 1984இல் அமெரிக்கா நிறைவேற்றிய சட்டத்தினால் லான்ட்சாற் படங்களின் விற்பனை தனியார் நிறுவனத்திடம் சென்றது. ஒரு படத்தின் விலை பல ஆயிரம் டொலராக உயர்ந்தது. வாங்குவோர் உள்ள நிலங்களே முதன்மையாகப் படமெடுக்கப்பட்டன. கண்டல் வெட்டப்பட்ட காலமும், அதனைக் காட்டும் படம் ஏழை நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு எட்டாப் பொருளாயிருந்த காலமும் ஒன்றே. 2008இல் அப்படத் தொகுதி கட்டணமின்றி அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் அக்கரையின் கண்டல் சுருங்கிய வரலாற்றை ஆண்டு வாரியாகக் காண்பது எளிதாயிற்று. அறிவு விடுதலை பெற்றது. ஆயின் காடு போனபின்.

நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி, 900 மெகாவாற்றாக வளர்ந்த நிலக்கரி மின்நிலையமும் இன்று விண்ணிலிருந்து தெளிவாகத் தெரியும். அதன் சாம்பல் படியும் தோட்டத்தையும், நிலக்கரி இறங்கும் கடலில் வலைவிரிப்போரின் முறைப்பாட்டையும் கேட்க நிலத்திற்குத்தான் வரவேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தில் அமைத்த குடியிருப்புகளும் செய்மதிப் படங்களிற் கூரைகளாகத் தெரியும். எத்துணை அண்மையிலிருந்து எடுத்தாலும் கூரை, தான் எழுந்த காரணத்தைக் கூறாது.

8

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில.

முதலாவது, ஆரம்பகால விண்வெளி நிழற்படங்கள் மனிதகுலத்தின் உண்மையான அறிவுப்பேறு. பனிப்போரின் போட்டியிற் பிறந்தன என்பதால் அவற்றை ஒதுக்குவது வரட்டுவாதமாகும். இரண்டாவது, அவற்றில் தோன்றும் வெறுமை நடுநிலையானதன்று. உழைப்பும் உறவும் உரிமையும் தெரியாத தூரத்திலிருந்து நோக்கும் கண்ணுக்குக் கரை வெறுமையாகத் தோன்றும். வெறுமையெனத் தோன்றுவது எளிதிற் பிறர்க்கு வழங்கப்படும். காலனித்துவ நில அளவைக்கும் இறால் குளத்துக்கும் இடையே இத்தருக்கம் தொடர்வதைக் கண்டோம். மூன்றாவது, இப்பார்வையை எதிர்த்து நிற்பதற்கும் இப்பார்வையே உதவும். வெட்டப்பட்ட கண்டல் எங்கே, எவ்வாண்டில், எவ்வளவு என நிறுவுவதற்குச் செய்மதிப் படத்தை விஞ்சிய சாட்சி இல்லை. அச்சாட்சி முழுமைபெற வேண்டுமாயின், அக்கரையின் பாடுகள், முனைகள், வலையிழுக்கும் எல்லைகள் என்பவற்றின் பெயர்களும், அவற்றை ஆண்டோரின் வாய்மொழியும் அதன்மேல் எழுதப்படல் வேண்டும்.

இது புவியியலாளரின் பணி மட்டுமன்று. வாய்மொழி வழக்கையும் ஊர்ப்பெயரையும் அம்பாவையும் ஆராயும் தமிழ்த்துறையினர்க்கும் இதில் நேரடிப் பங்குண்டு. படத்தில் ஒரு கோடாக உள்ள கரையை மீனவர் பாடுபாடாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். அப்பெயர்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். காணி உரிமை பற்றிய விசாரணையொன்றில், இடத்துக்குப் பெயர் உண்டு என்பதே அவ்விடம் வெறுநிலமன்று என்பதற்கு முதற்சான்றாகும். அப்பெயர்களைப் படத்தோடு சேர்த்துப் பதியும் வேலையை நமது மாணவர்கள் இப்போதே தொடங்கலாம். படம் கையிலுள்ளது, அதன்மேல் எழுதவேண்டியதை அறிந்தோரும் இன்னும் கரையில் உள்ளனர்.